விஞ்ஞானப் புனைகதை அடுக்கைத் திரும்பத் திறவுங்கள்: எங்கள் ஆலய அருட்பணிச் சபைக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும் ஆலய அருட்பணிச் சபையினருக்கும்,

ஆலய வாசிகசாலையில் இருந்த விஞ்ஞானப் புனைகதை அடுக்கை அகற்றவும், சனிக்கிழமை பின்னேரங்களில் நடந்துவந்த வாசிப்பு வட்டத்தை "மறு அறிவித்தல் வரை" நிறுத்தவும் நீங்கள் எடுத்த முடிவை எங்களால் பேசாமல் ஏற்க முடியவில்லை. மூன்று காரணங்கள் சொன்னீர்கள். இந்தக் கதைகள் விசுவாசத்துக்கு முரணானவை, மந்திரதந்திரக் கதைகளோடு சேர்த்தி, பரீட்சைக்கு உதவாதவை. மூன்றுக்கும் பதில் சொல்வோம். அதற்கு முன் ஒரு அவசரம் இருக்கிறது.

எடுத்த புத்தகங்களை உரப்பைகளில் போட்டு வாய்கட்டி, திருநாளுக்குரிய சுருவக்கூடும், சோடனைச் சாமான்களும் கிடக்கிற அறையில், மேற்குச் சுவரோடு நிலத்தில் அடுக்கியிருக்கிறீர்கள். அந்தச் சுவர் மாரியில் கசிவது சபைக்குப் புதிதல்ல. ஒக்ரோபரிலிருந்து டிசெம்பர் வரை யாழ்ப்பாணத்துக் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும். 65 சதவீதம் தாண்டிப் பல நாள் நின்றாலே தாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நேரே நனைந்த தாள் என்றால் இரண்டு மூன்று நாள் போதும். உரப்பை இதற்கு இன்னும் மோசம். உள்ளே பொலித்தீன் உறை இருப்பதால் உள்ளே போன ஈரம் வெளியேறாது. பையின் மடிப்புகளில் ஒட்டிக்கிடக்கும் யூரியாத் துகள் காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கசியும். அடுக்கில் இருந்தவற்றில் முக்கால்வாசி 1960களிலும் 70களிலும் அச்சான மலிவுப் பதிப்புகள். அவற்றின் தாளில் மரக்கூழின் இலிக்னினும் அமிலமும் மிச்சம் இருப்பதால் ஏற்கனவே மஞ்சளித்து நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டன. முதுகுப் பசையும் காய்ந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பையில் குத்திப் போட்டால் முதுகு வெடித்துத் தாள் தாளாய்க் கழரும்.

ஆகவே முடிவு எதுவாக இருந்தாலும் பைகளை இந்தக் கிழமைக்குள் அவிழ்க்க வேண்டும். நனைந்தவற்றை வெயிலில் பரப்ப வேண்டாம். வெயில் தாளை முறுக்கும், மையை வெளுக்கவைக்கும். காற்றோட்டமான விறாந்தையில் புத்தகத்தை நிமிர்த்தி, மட்டையைச் சற்று விரித்து நிறுத்தி, மின்விசிறியை நேரே அடிக்காமல் கூரைப்பக்கம் திருப்பி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். நல்லாய் ஊறியவற்றுக்கு இருபது முப்பது பக்கத்துக்கு ஒன்றாய் அச்சு மை இல்லாத வெற்றுத்தாளைச் செருகி, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பளபளப்புத் தாளில் படங்கள் உள்ள வானியல் புத்தகங்களை முதலில் எடுங்கள். அந்தத் தாள் ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரிக்கவே ஏலாது, கிழிக்கத்தான் முடியும். பூஞ்சணம் பிடித்ததை மற்றவற்றோடு சேர்க்காமல், முகமூடி போட்டு, முற்றத்தில் வைத்து மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஈரமாய் இருக்கும்போது துடைத்தால் கறை உள்ளே ஏறும்.

இராமபாணப் பூச்சியும் புத்தகப் புழுவும் பிடித்தவற்றுக்கு ஆழ்குளிர்பெட்டிதான் நல்ல வழி. புத்தகம் காய்ந்திருக்க வேண்டும். பொலித்தீன் பையில் காற்றை அமுக்கி எடுத்து மூடி, மறை 18 (-18) பாகை செல்சியஸில் இரண்டு கிழமை விடலாம். வெளியே எடுத்தபின் ஒரு முழுநாள் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் வியர்வைபோல் நீர் படிந்து, செய்த வேலை எல்லாம் வீண். வேப்பிலை போடுகிறவர்கள் பச்சையாய்ப் போட வேண்டாம், அதுவே ஈரத்தைக் கொண்டுவரும்; நிழலில் சருகாய்க் காய்ந்ததைப் போடுங்கள். பிள்ளைகள் இருந்து வாசிக்கிற அறையில் நப்தலின் உருண்டையைத் தவிர்க்க வேண்டும்.

இதை 1981உடன் ஒப்பிட நாங்கள் வரவில்லை. அது அநியாயமான ஒப்பீடு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தவர்கள் வேறு, நல்லெண்ணத்தோடு ஒரு அடுக்கை மூடிய நீங்கள் வேறு. ஆனால் அந்த நூலகத்தை உண்டாக்க உழைத்த லோங் அடிகளுக்கு அதன் முற்றத்தில் சிலை இருக்கிறது. அது எரிவதைக் கண்டு உயிர்விட்ட தாவீது அடிகளும் நம்முடைய குருதான். புத்தகத்தை எப்படி வைப்பது என்ற விஷயத்தில் இந்த ஊரின் கத்தோலிக்கருக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. உரப்பை அந்தப் பரம்பரையில் இல்லை.

இனி முதற் குற்றச்சாட்டு. வேறு உலகங்கள், வேறு உயிர்கள் என்று எழுதுவது விசுவாசத்துக்கு முரண் என்கிறீர்கள். திருச்சபையின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1277 மார்ச் 7இல் பாரிஸ் ஆயர் எத்தியென் தம்பியே 219 கூற்றுகளைக் கண்டித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 34ஆவது, முதற்காரணராகிய கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்ற கூற்று. பல உலகங்கள் இருக்கின்றன என்று ஆயர் சொல்லவில்லை. இருக்கவே முடியாது என்று கடவுளின் கையைக் கட்டாதே என்றார். விஞ்ஞானப் புனைகதை செய்வதும் அதைத்தான். புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் மூன்றாம் பகுதி, மூன்றாம் வினா, ஏழாம் பிரிவில், இறைவனின் ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட மனித இயல்புகளை ஏற்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்றே விடை சொல்கிறார். அவருக்கு விண்கலம் தெரியாது. ஆனால் வேற்றுக்கோளில் மனுவுருவாதல், அதாவது கடவுள் மனிதராவது, நடக்குமா என்று இன்றைக்கு ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், அந்தக் கேள்விக்கு முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.

ஆங்கிலத்தில் சந்திரனுக்குப் போகும் பயணக் கதைகளில் மிகப் பழையவற்றில் ஒன்றை எழுதியவர் பிரான்சிஸ் கொட்வின் என்ற அங்கிலிக்கன் ஆயர். அவர் இறந்தபின் 1638இல் அது வெளிவந்தது. கதாநாயகனைச் சந்திரனுக்கு இழுத்துப்போவது பழக்கிய காட்டு அன்னங்கள். சிரிக்கலாம், ஆனால் பூமியை விட்டு விலக விலகப் பாரம் குறைவதாக அவர் எழுதியிருப்பது நியூட்டனின் ஈர்ப்பு விதிக்கு அரை நூற்றாண்டு முந்தியது. அதே ஆண்டில் சந்திரனில் குடிகள் இருக்கக்கூடும் என்று நூல் எழுதிய ஜோன் வில்கின்ஸும் பிற்காலத்தில் ஆயரானார். 1907இல் உலக முடிவைப் பற்றி எதிர்கால நாவல் எழுதிய ரொபேட் ஹியூ பென்சன் கத்தோலிக்கக் குரு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பும் விமானத்தில் செய்தியாளர்களுக்கு அந்த நாவலை வாசிக்கச் சொன்னார். அந்தப் புத்தகமும் இப்போது உரப்பைக்குள் இருக்கிறது.

இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். சி. எஸ். லூயிஸின் விண்வெளி நாவல்கள் மூன்றும் (1938, 1943, 1945) அந்த அடுக்கில் இருந்தன. முதலாவதில் செவ்வாயின் உயிர்கள் பாவத்தில் விழாதவை. அங்கே போகும் மனிதன்தான் நோயைக் கொண்டுபோகிறான். இரண்டாவதில் வெள்ளியில் ஒரு புதிய ஏவாள் சோதிக்கப்படுகிறாள். தொடக்கநூல் மூன்றாம் அதிகாரத்தை இவ்வளவு நுணுக்கமாய் விரித்துப் பார்க்கும் கதை மறைக்கல்விப் பாடநூலில் இல்லை. மற்றது வால்ட்டர் மில்லரின் நாவல், 1961இல் விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது. அணுப்போருக்குப் பிறகு மிஞ்சிய தாள்களைத் துறவிகள் விளங்காமலே பிரதி எடுத்து எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். எழுதியவர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மொன்தே கசினோ துறவிமடத்தைக் குண்டுவீசி அழித்த விமானப் படையணியில் இருந்தவர். போருக்குப் பின் கத்தோலிக்கரானார். ஏடும் நூலகமும் பற்றி யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு விளக்கவுரை தேவையில்லாத நாவல் அது.

சபையில் ஒருவர் எடுத்துக்காட்டிய கதை ஆர்தர் சி. கிளார்க்குடையது. நியாயமான ஆட்சேபம், அதை மழுப்ப மாட்டோம். 1955இல் வெளியான அந்தச் சிறுகதையில் ஒரு இயேசுசபைக் குரு, வானியலாளர், வெடித்தழிந்த விண்மீன் ஒன்றை ஆராயப் போகிறார். அதைச் சுற்றி அழகான நாகரிகம் ஒன்று இருந்து முழுதாய் எரிந்துபோனதைக் காண்கிறார். காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், அந்த வெடிப்பின் ஒளிதான் பெத்லகேமின் மேல் நின்ற விண்மீன். கதை அங்கே முடிகிறது. கிளார்க் விசுவாசியல்லர். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் இறந்தவர், தம் அடக்கத்தில் எந்தச் சமயச் சடங்கும் வேண்டாம் என்று எழுதிவைத்தவர். இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

கொடுக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் பதில். 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பின் மறுநாள். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் கடல் ஏறி வந்தபோது இதே கேள்வியைத்தான் கரையோரப் பங்குகளில் கேட்டார்கள். பிறப்பைக் கொண்டாடிய கடவுள் மறுநாள் காலை எங்கே இருந்தார்? கிளார்க் அந்தக் கேள்வியை அவமதிப்பாகக் கேட்கவில்லை. விசுவாசம் உள்ள ஒரு குருவின் வாயில் வைத்து, அவருக்கு நோகிறமாதிரிக் கேட்கிறார். யோபு நூல் விவிலியத்தில் இருக்கிறது. அங்கேயும் கேள்வி கேட்டவனைக் கடவுள் துரத்தவில்லை. பின்னுக்கு அறுமீனையும் மிருகசீரிடத்தையும் காட்டித்தான் பேசுகிறார். இந்தக் கதையை ஒரு பிள்ளை தனியே கைபேசியில் வாசித்துவிட்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பதா, இல்லை பங்கின் அறையில் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வாசிப்பதா என்பதுதான் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது. வாசிக்காமல் இருக்கப்போவதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மந்திரக் கதையில் காரணம் கேட்கக் கூடாது. விஞ்ஞானப் புனைகதையில் காரணம் சொல்லாமல் தப்ப முடியாது. சந்தேகம் விழுந்தது மடலின் லெங்கிளின் சிறுவர் நாவலில் என்று தெரிகிறது, மூன்று விநோதக் கிழவிகள் வருவதால். 1963இல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற நூல், எழுதியவர் எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த விசுவாசி. இருளோடு போராடியவர்கள் யார் யார் என்று அதில் பிள்ளைகள் பட்டியல் சொல்லும்போது முதற்பெயர் இயேசு. பிறகு லியனார்டோ, காந்தி, புத்தர் என்று வருகிறது. அமெரிக்காவிலும் அதற்குத்தான் முறைப்பாடு வந்தது. நான்கு சமயத்தவர் அயலவராய் வாழும் ஊரில் அந்தப் பட்டியலைக் கண்டு பதறத் தேவையில்லை.

பரீட்சை. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையில் பிள்ளையின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கணக்கு வைத்திருக்கும் பெற்றோரின் கவலை எங்களுக்கு விளங்கும். ஆனால் அந்த வட்டத்தில் என்ன நடந்தது என்று சபையில் யாரும் வந்து பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமையின் கேள்வி இது: செவ்வாய்க் கோளில் ஒரு பங்கு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எப்போது?

செவ்வாயின் ஒரு பகலிரவு 24 மணி 39 நிமிடம் 35 செக்கன். ஏழு நாளுக்கு ஒரு ஞாயிறு என்று அங்கே எண்ணினால் ஒவ்வொரு கிழமையும் பூமியின் ஞாயிறுக்கு 4 மணி 37 நிமிடம் பிந்தும். ஐந்து கிழமையில் 23 மணித்தியாலம் தாண்டிவிடும், அதாவது செவ்வாயின் ஞாயிறு பூமியின் திங்களில் விழும். ஏறக்குறைய 255 செவ்வாய் நாட்களுக்குப் பிறகுதான் இரண்டு ஞாயிறும் மறுபடி பொருந்தும். இதை அட்டவணையாக்க உயர்தரக் கணிதப் பிள்ளை தேவையில்லை, ஒன்பதாம் வகுப்பு போதும். அதன்பிறகுதான் சுவையான பகுதி. உயிர்த்த ஞாயிறு, மார்ச் 21இலோ அதன் பின்னோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. செவ்வாய்க்கு நிலவு இரண்டு. ஃபோபோஸ் 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஒரே நாளில் மூன்று முறை பூரணை வரும். எந்தப் பூரணை? வசந்தம் எது, 687 பூமி நாள் நீளமான ஆண்டில்? அல்லது உரோமையின் நாட்காட்டியைத்தான் அப்படியே பின்பற்ற வேண்டுமா? இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் தாமாகவே, ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கம் 325இல் ஏன் இதைப் பற்றி அலட்டிக்கொண்டது என்று தேடி வாசித்தார்கள். பாடமாக வைத்திருந்தால் வாசித்திருப்பார்களா என்பதை மறையாசிரியர்களே சொல்லட்டும்.

ஒப்புரவு அருட்சாதனமும் அப்படித்தான். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையில் ஒளி போக, தூரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் எடுக்கும். பாவசங்கீர்த்தனம் சொல்லி முடித்தவர் மன்னிப்பின் சொல்லுக்கு முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டிவரும். எப்படியும் திருச்சபை தொலைபேசியில் பாவமன்னிப்பு வழங்குவதில்லை. குருவும் கேட்பவரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஆக, செவ்வாய்க்கு ஒரு குருவையும் அனுப்பத்தான் வேண்டும் என்று ஒரு பிள்ளை முடித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். உடலோடு வந்து பக்கத்தில் இருப்பதுதான் அருட்சாதனம் என்பது அந்தச் சிரிப்போடு உள்ளே போனது.

நற்கருணைக்கு மெய்யான உதாரணங்களே இருக்கின்றன. 1969 ஜூலை 20இல் சந்திரனில் இறங்கியபின், வெளியே காலடி வைக்கும் முன், பஸ் ஓல்ட்ரின் தம் பிரஸ்பிற்றேரியன் சபையிலிருந்து கொண்டுபோன அப்பத்தையும் இரசத்தையும் அருந்தினார். 2013இல் மைக் ஹொப்கின்ஸ் என்ற கத்தோலிக்க விண்வெளி வீரர், அர்ச்சிக்கப்பட்ட ஆறு அப்பங்களை அனுமதியோடு விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றையும் நான்காகப் பிட்டால் கிழமைக்கு ஒன்றாக 24 கிழமைக்கு வரும். திருச்சபைச் சட்டம் 924 கோதுமை அப்பமும் திராட்சை இரசமும்தான் என்கிறது. அப்படியானால் சந்திரனில் குடியேறுகிறவர்கள் முதலில் நடவேண்டிய பயிர் எது என்று கேட்டுப் பாருங்கள். விவசாயமும் இரசாயனமும் திருச்சபைச் சட்டமும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17இல் இலக்கியம் பற்றி ஒரு மடல் எழுதினார். அதில் தாம் 28 வயதில் ஆர்ஜென்டீனாவின் சாந்தா ஃபேயில் இயேசுசபைப் பாடசாலையில் இலக்கியம் படிப்பித்ததைச் சொல்கிறார். பாடத்திட்டத்தில் இருந்த பழைய காவியம் மாணவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்பானியக் கவிஞர் கார்சியா லோர்காவைக் கேட்டார்கள். காவியத்தை வீட்டில் வாசியுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்ததைப் பேசுவோம் என்று விட்டுவிட்டார். பரீட்சைப் புத்தகம் வீட்டிலும் ரியூசனிலும் தாராளமாய் இருக்கிறது. கிழமையில் ஒரு பின்னேரத்தைப் பங்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா?

இந்த ஊருக்கு இது அந்நியமும் அல்ல. அமெரிக்க மிஷனார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியில் வானியல் முக்கிய பாடம். 1829இல் ஒரு சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துக் காட்டி உள்ளூர்ப் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர்கள் அவர்கள். அந்த மல்லுக்கட்டின் தொனி எங்களுக்கு உவப்பானதல்ல. ஆனால் 2010 சனவரி 15இலும் 2019 டிசெம்பர் 26இலும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை யாழ்ப்பாணத்துக்கு மேலாகவே போனது. ஆலய முற்றம் போதும் பார்க்க. வானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற பிள்ளைக்கு ஆலயத்துக்குள் ஒரு கதிரை இல்லையென்றால், அது வேறு இடத்தில் போய் இருக்கும்.

அடுக்கை அப்படியே திறந்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு உகாத நூல்கள் அதில் உண்டு. வன்முறை, பாலியல், தற்கொலை வருகிறவை. தரம்பிரிக்கும் வழி எளிது. ஒவ்வொரு நூலையும் இருவர் வாசித்து, அரைப்பக்கத் தாளில் கதை எதைப் பற்றியது, எந்தப் பக்கங்களில் எச்சரிக்கை தேவை, எந்த மறைக்கல்விப் பொருளோடு தொடுப்பு என்று எழுதி முன்மட்டைக்குள் ஒட்ட வேண்டும். 11 முதல் 13 வயது, 14 முதல் 16, அதற்கு மேல் என்று மூன்று நிற ஒட்டி. ஒட்டியை முதுகில் வெளியே ஒட்டினால் வெக்கையில் பசை இளகி விழுந்துவிடும். மட்டைக்கும் பொலித்தீன் உறைக்கும் இடையில் வைக்க வேண்டும். இருவருக்குள் கருத்து மாறினால் மூன்றாமவர் வாசிக்கட்டும். வாசிக்காதவருக்கு வாக்கு இல்லை. இது ஒன்றில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வாசிப்பு வட்டத்துக்கும் ஒழுங்கு தேவை. பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் கூச்சமுள்ளவர் வாயே திறக்கார். கதை 5,000 சொல்லுக்குள் இருக்க வேண்டும், உரக்க வாசிக்க ஏறத்தாழ 35 நிமிடம். ஆங்கிலக் கதையென்றால் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டும். கடைசியில் மொத்தமாய்ச் சொன்னால் ஆங்கிலம் குறைந்த பிள்ளைக்கு அரை மணித்தியாலம் வெறும் சத்தம்தான். கடினமான பத்துப் பன்னிரண்டு சொல்லை முன்னரே தாளில் கொடுத்துவிடலாம். பிறகு கேள்விகள், இந்த ஒழுங்கில்: கதையில் என்ன நடந்தது, யார் எதை இழந்தார், நம்முடைய விசுவாசம் இதற்கு என்ன சொல்லும். மூன்றாவதை முதலில் கேட்டால் மறைக்கல்விப் புத்தகத்தின் விடை உடனே வரும், பேச்சு செத்துவிடும். பெரியவர்கள் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் தீர்ப்புச் சொன்னாலும் அதேதான். பௌதிகம் தெரிந்த ஒரு பெடியன் எப்போதும் இருப்பான். ஒளியின் வேகத்தில் ஏறினால் இறங்கமாட்டான். அவனுடைய கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதிவைத்து, கடைசிப் பத்து நிமிடத்தை அவனுக்குக் கொடுங்கள்.

நாங்கள் கேட்பவை இவை. வரும் ஞாயிறுக்கு முன் பைகளை அவிழ்த்து, புத்தகங்களை அந்த அறையிலிருந்து எடுக்க வேண்டும். காயவைக்கவும் துடைக்கவும் ஆட்களை நாங்கள் தருவோம். சபையின் அடுத்த கூட்டத்தில் இந்த முடிவை மீளப்பெற வேண்டும். ஒரு நூலைத் தள்ளிவைப்பதென்றால், அந்த நூலின் பெயரோடு, அதை முழுதாய் வாசித்தவர் கையெழுத்திட்டுக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தரம்பிரிக்கும் குழுவில் மறையாசிரியர் இருவர், இளையோர் மன்றத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையும் ஒரு ஆண்பிள்ளையும், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். அடுக்கு கிழக்குப் பக்க உட்சுவரோடு, சுவருக்கும் பலகைக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு, கீழ்த்தட்டு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் அமைய வேண்டும். கறையான் ஏறாமல் கால்களுக்குக் கழிவெண்ணெய் ஊற்றிய தகரப்பேணி. இரும்பு றாக்கைக்கும் உறைகளுக்கும் ஆகும் செலவை வாசகர்கள் பொறுப்பெடுப்போம், ஆலயக் கணக்கிலிருந்து சதம் வேண்டாம்.

வாசிப்பு வட்டம் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதற் சனிக்கிழமை, மாலை நான்கரைக்கு மீண்டும் தொடங்க வேண்டும். அன்றைக்கு வாசிக்கும் கதை கிளார்க்கின் அந்தக் கதையாகவே இருக்கட்டும். சுவாமி, நீங்களும் வந்து வட்டத்தில் ஒரு கதிரையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் பேசி முடிந்தபின் நீங்கள் பேச வேண்டும்.

இப்படிக்கு,
பங்கின் வாசிப்பு வட்டத்தினர்
யாழ்ப்பாணம்